புதுச் சிமென்ட் தொட்டியில் மூன்றாம் நாளே மீன் விடுகிறேன் என்பவரை நம்பாதீர்கள்

வீட்டுத் தோட்டத்தில் சின்னதாக ஒரு குளம் கட்டி மீன் விடலாம் என்று நினைப்பவர்கள், கையிலிருந்து முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். போன ஆடி மாதம் எங்கள் வீட்டில் ஏறக்குறைய 29,000 ரூபாய் போனது. பணம்கூடப் பரவாயில்லை. என் மகள் ஐந்து நாளும் காலையில் எழுந்ததும் தோட்டத்துக்கு ஓடிப் போய், செத்து மிதந்த மீன்களை டீ வடிகட்டியால் அள்ளிக் கொண்டிருந்தாள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாங்கள் இருப்பது திருச்சியில். அம்மாவுக்கு அல்லி வளர்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. தண்ணீர் தேங்கினால் கொசு வருமே, மீன் விட்டால் புழுவைத் தின்றுவிடும் என்று யோசித்தோம். தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஓர் ஆள் வந்தார். குளம் கட்டுவது, செடி வைப்பது, மீன் விடுவது எல்லாம் அவரே செய்து தருவதாகச் சொன்னார். 6 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி ஆழம். ஏறத்தாழ 1,350 லிட்டர் பிடிக்கும். கட்டுமானத்துக்கு 24,000 ரூபாய். அதில் 3,500 ரூபாய் உள்பக்கம் அடிக்கும் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங்குக்கு என்று தனியாகச் சொல்லி வாங்கினார். மீனுக்கு 2,400. ரசீது கேட்டேன். "நம்ம ஆளுங்களுக்குள்ள எதுக்குக்கா ரசீது" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

பூச்சு வேலை முடிந்த மூன்றாம் நாளே தண்ணீர் நிரப்பி, அன்று மாலையே மீனோடு வந்து நின்றார். அம்மா அப்போதே கேட்டார்: "புதுத் தொட்டியாச்சே, வாழைமட்டை வெட்டிப் போட்டு ஊற வைக்க வேண்டாமா தம்பி?" அவர் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் அந்தக் காலத்து வேலைம்மா. இப்பதான் கோட்டிங் அடிச்சிருக்கோமே" என்றார். 40 கப்பி, 12 மோலி, 8 பிளாட்டி. பையைக் கத்தரித்து அப்படியே கவிழ்த்தார். மகள் கைதட்டிக் குதித்தாள். குளத்தையும் மீனையும் அவர் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் தண்ணீரின் மேல் மெல்லிய வெள்ளை ஏடு படிந்திருந்தது. வெற்றிலைக்குக் குழைத்த சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றி வைத்தால் மேலே ஓர் ஏடு கட்டுமே, அதே மாதிரி. விரலை விட்டால் சோப்புத் தண்ணீர் போல வழுக்கியது. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. போன் பண்ணினேன். "மினரல்ஸ்க்கா அது, மீனுக்கு நல்லது" என்றார். அன்று 9 மீன் செத்தது. அடுத்த நாள் வந்து பார்த்துவிட்டு, வெள்ளைப் புள்ளி நோய் என்று சொல்லி, நீல மருந்து ஒரு புட்டியும் ஏதோ உப்பும் கொடுத்து 650 ரூபாய் வாங்கினார். ஒரு மீனின் உடம்பிலும் ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லை. நான் அப்போது அதைக் கேட்கவில்லை. நமக்கு என்ன தெரியும் என்று நினைத்துவிட்டேன். நான்காம் நாள், தண்ணீர் முழுவதையும் மாற்றுங்கள் என்றார். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து அப்படியே நிரப்பினோம். ஐந்தாம் நாள் காலையில் மிச்சம் இருந்தவை மூன்றே மூன்று மோலி.

எதிர் வீட்டு மாமா மீன்வளத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வந்து கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து நாலு சொட்டு மருந்து விட்டார். பச்சையாக நிற்க வேண்டிய நிறம் ஊதாவாக நின்றது. தண்ணீரின் காரத்தை அளக்கும் பி.எச். 10ஐத் தாண்டியிருந்தது. இந்த மாதிரி மீன்களுக்கு 7இலிருந்து 8 வரை இருந்தால் நல்லது என்றார். இன்னும் ஆறாத பச்சைச் சிமென்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்துகொண்டே இருக்கும். புதுத் தண்ணீர் மாற்றினாலும் மறுபடி ஏறிவிடும். மீன் வெளியேற்றும் அம்மோனியாவும் இப்படிப்பட்ட காரத் தண்ணீரில்தான் கொடிய விஷமாக மாறுகிறதாம். அதைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் புதுக் குளத்தில் உருவாகவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதனால் முதலில் ஐந்தாறு மீனுக்கு மேல் விடவே கூடாது. இது போதாதென்று குழாய்த் தண்ணீரில் இருந்த குளோரின் வேறு மீன்களின் செவுளைச் சுட்டிருக்கிறது. மோலி மட்டும் தப்பியதற்குக் காரணம், அது கடினமான, காரத் தண்ணீரை ஓரளவு தாங்கும் மீன்.

அப்புறம் மாமா சொன்னபடி தண்ணீரை இறைத்துவிட்டு, தேங்காய் நாரால் சுவரைத் தேய்த்தேன். நார் வெள்ளையாகிவிட்டது. கையெல்லாம் சிமென்ட் மாவு. கோட்டிங் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு பிரஷ்கூட ஓட்டவில்லை. குளம் கட்டுவதையே தொழிலாக வைத்திருக்கும் ஒருவருக்குப் பச்சைச் சிமென்ட் மீனைக் கொல்லும் என்று தெரியாமல் இருக்காது. தெரிந்தேதான் விட்டிருக்கிறார். மீன் செத்தால் மருந்து விற்கலாம், மருந்தும் பலிக்காவிட்டால் திரும்ப மீன் விற்கலாம்.

திரும்ப விற்கவும் செய்தார். செத்தால் மாற்றித் தருவதாக முதலில் வாயால் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதற்குப் பாதி விலை, வண்டி வாடகை என்று 1,800 ரூபாய் கணக்குச் சொன்னார். மகள் முகத்தைப் பார்த்து நானும் கொடுத்தேன். இந்த முறை இரண்டு அங்குல நீளத்தில் ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பத்து மீன். "சின்ன ஜாதிக்கா, இதுக்கு மேல வளராது." கூடவே பாசியைத் தின்னும் என்று கறுப்பாக இரண்டு டேங்க் கிளீனர். மாமா வந்து பார்த்தார். வாயோரம் குட்டி மீசை இருந்தது. பார்க்கக் கோல்டு ஃபிஷ் மாதிரி இருந்தாலும், கோல்டு ஃபிஷ்ஷுக்கு மீசை கிடையாது. இது கோய்க் கெண்டை. இரண்டடி வரைகூட வளரும். அல்லித் தொட்டியின் மண்ணையெல்லாம் கிளறிப் போட்டுவிடும். டேங்க் கிளீனர் என்பது தென் அமெரிக்காவிலிருந்து வந்த மீன். ஒன்றரை அடி வளரும், கரையில் வளை தோண்டும். வளர்ந்ததும் பயந்து போய் ஆட்கள் ஆற்றிலும் ஏரியிலும் கொண்டுபோய் விடுவதால் நம் நீர்நிலைகளில் பரவி நாட்டு மீனுக்கு வினையாகிவிட்டது. உங்களிடம் இருந்தால் தயவு செய்து காவிரியிலோ வாய்க்காலிலோ விட்டுவிடாதீர்கள். எங்களுடையதைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் குளம் கட்டியவர் மறுத்துவிட்டார். பெரிய தொட்டி வைத்திருக்கும் வேறு ஒரு கடைக்காரரிடம் பன்னிரண்டையும் சும்மாவே கொடுத்துவிட்டு வந்தேன். நல்லவேளை, அவரைப் போன்றவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள்.

தொட்டியைச் சரி செய்தது அம்மா. மூன்று மோலியும் பழைய பிளாஸ்டிக் டிரம்முக்குப் போயின. தொட்டியில் தண்ணீர் நிரப்பி, வாழைத்தண்டும் மட்டையும் துண்டு போட்டுப் பத்து நாள் ஊற வைத்தார். மட்டை அழுகி வரும் புளிப்பு சுண்ணாம்பின் காரத்தைத் தணிக்கும். அந்த நாற்றத் தண்ணீரை இறைத்து, தேய்த்து, மறுபடி நிரப்பினார். மூன்று தடவை. அதற்குப் பிறகுதான் சொட்டு மருந்தின் நிறம் இறங்கியது. இப்போது குழாய்த் தண்ணீரை இரண்டு நாள் வாளியில் திறந்து வைத்துத்தான் ஊற்றுகிறோம். அவசரம் என்றால் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு. புது மீன் வந்தால் பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டு, ஒரு டம்ளர் ஒரு டம்ளராகக் குளத்துத் தண்ணீரைப் பைக்குள் சேர்த்து, பிறகு வலையால் மீனை மட்டும் எடுத்து விடுகிறோம்.

கொசுவுக்குக் கம்பூசியா மீன் விடலாமே என்று சிலர் சொன்னார்கள். மாமா வேண்டாம் என்றுவிட்டார். வெளிநாட்டு மீன், மற்ற மீன்களின் வாலையும் துடுப்பையும் கடித்து, தவளைக் குஞ்சையும் தின்றுவிடும். அவரே வயல் வாய்க்காலிலிருந்து ஆறு நாட்டு மீன் பிடித்து வந்தார். விரல் நீளம்தான். தலைமேல் வெள்ளிப் பொட்டு வைத்த மாதிரி ஒரு புள்ளி மின்னும். தண்ணீர் மட்டத்திலேயே நின்று கொசுப்புழுவைக் கொத்தும். இரண்டு வாரம் டிரம்மில் தனியாக வைத்துப் பார்த்துவிட்டு, மோலியோடு சேர்த்துக் குளத்தில் விட்டோம்.

புகார் விஷயம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் இல்லாமல் வழக்குப் போடலாம், அதற்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன். ரசீது இல்லாததால் ஜீபே கணக்கும், கோட்டிங்குக்கு 3,500 என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும்தான் கையில் இருக்கிறது. யாராவது இப்படி வேலை கொடுப்பதாக இருந்தால், கோட்டிங் அடிக்கும் அன்று பக்கத்திலேயே நில்லுங்கள், படம் எடுத்து வையுங்கள். குளம் கட்டியவரிடமே மீனும் வாங்காதீர்கள்.

போன வாரம் அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் புது விளம்பரம் வந்திருந்தது. அதில் இருப்பது எங்கள் குளம். முதல் நாள் மாலை எடுத்த படம். ஓரத்தில் என் மகளின் கை தெரிகிறது. அந்தத் தண்ணீருக்குள் இருந்த 60 மீனில் 57 ஐந்தாம் நாளுக்குள்ளேயே செத்துவிட்டன.