திருகோணமலையில் முரசுக்குள் மறைந்த நீல வளையம்

இம்முறை ஊருக்குப் போனபோது கோணேசர் கோயில், கன்னியா, நிலாவெளி எல்லாம் மனம் நிறையும்படி அமைந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியிருப்பது என் பெறாமகளின் கடவாய்ப்பல்லருகே முரசுக்குள், அதாவது ஈறுக்குள், புதைந்த சிறிய இறப்பர் வளையம் ஒன்றைப் பற்றி.

பற்களுக்குக் கம்பி கட்டும்போது கடவாய்ப்பல்லைச் சுற்றி உலோகப் பட்டி பொருத்துவதாயின், நெருங்கி நிற்கும் பற்களுக்கிடையே முதலில் சிறிது இடம் உண்டாக்க வேண்டும். அதற்காகச் செப்பரேட்டர் எனப்படும் இறப்பர் வளையத்தை இடுக்கியால் இழுத்து, பற்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தின் மேலே ஒரு பாதியும் கீழே ஒரு பாதியுமாக நுழைக்கிறார்கள். அது மீண்டும் சுருங்க முயன்று பற்களை மெல்ல விலக்குகிறது. ஏறத்தாழ ஒரு கிழமையில் தேவையான இடம் கிடைத்துவிடும். முதல் இரண்டு நாளும் பிள்ளை பனடோலும் சொதியில் ஊறிய இடியப்பமுமாகச் சமாளித்தாள். ஒட்டிப் பிடிக்கும் தொதலை அவள் கண்ணிற் படாமல் தங்கை ஒளித்து வைத்தாள்.

வளையம் போட்ட நிபுணரின் கைவேலையில் எந்தக் குறையும் இல்லை. நாங்கள் படித்த காலத்தில் பல்வலி என்றால் பிடுங்குவதுதான் வைத்தியம். அதே ஊரில் இன்று இந்தச் சிகிச்சை கிடைப்பது எனக்குப் பெருமையாகவே இருந்தது. ஆனால் அவர் கொழும்பிலிருந்து வந்து போகிறவர். குறித்த நாளில் போனபோது, "டொக்டர் இந்தக் கிழமை வரேல்லை, அடுத்த கிழமை வாங்கோ" என்றார்கள். அடுத்த கிழமையும் அதே பதில். வளையங்களையாவது வேறொருவரைக் கொண்டு கழற்றிவிடுங்கள் என்று நான் கேட்டதற்கு, சனல் பண்ணிய, அதாவது முற்பதிவு செய்து காட்டிய, டொக்டர்தான் தொட வேண்டும் என்று மறுத்துவிட்டார்கள்.

ரொறன்ரோவில் என் மகனுக்கு இதே வளையங்களைப் போட்டபோது, எத்தனை போட்டிருக்கிறது, எப்போது கழற்றப்படும், விழுந்தால் யாரை அழைப்பது என்பதை அச்சிட்டுக் கையில் தந்தார்கள். இங்கே ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. இரண்டு கிழமைக்கு மேல் விடப்படும் வளையம் முரசுக்குள் இறங்கி, சீழ் கட்டவும் பல்லைத் தாங்கும் எலும்பை அரிக்கவும் கூடும் என்பதை அந்தத் தாயிடம் எவரும் சொல்லவில்லை. விளக்குப் பிடித்துப் பார்த்தபோது, போட்டிருந்த எட்டு வளையங்களில் ஏழுதான் தெரிந்தன. எட்டாவதன் இடத்தில் முரசு சிவந்து வீங்கியிருந்தது. விழுந்திருக்கும் என்று தங்கை ஆறுதல் கொண்டாள். எனக்கு அந்த ஆறுதல் வரவில்லை, ஏனெனில் விழுந்த இடத்தில் வீக்கம் வரக் காரணமில்லை, இவ்வகை வளையங்களுட் சில எக்ஸ்ரேயிலும் தெரிவதில்லை.

அன்று மாலையே வேறோர் இளம் பல்வைத்தியரிடம் போனோம். அவர் நம்பர் வரிசையைப் பாராமல் பிள்ளையை உள்ளே அழைத்து, நுனி வளைந்த மெல்லிய கருவியால் முரசோரத்தைத் தடவி, புதைந்திருந்ததை முதலில் எடுத்தார். பிறகு மற்ற ஏழையும் எடுத்து, எட்டையும் தட்டில் அடுக்கி எங்கள் முன்னே எண்ணிக் காட்டினார். இத்தகைய அக்கறையை நான் கனடாவில் பல நூறு டொலர் கொடுத்தும் எப்போதும் பெற்றதில்லை.

வளையம் இல்லாவிட்டால் கிடைத்த இடைவெளி சில நாட்களிலேயே மூடிவிடும் என்பதால், புண் ஆறியதும் எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை போடும்போது, எண்ணிக்கையையும் கழற்றும் நாளையும் கொப்பியில் எழுதித் தரும்வரை தங்கை கதிரையை விட்டு எழும்பவில்லை.