புழல் சிறைப் பெட்ரோல் பங்க்: ஒரு லோடு வண்டிக்காரனின் மார்க்

டாடா ஏஸ் ஓட்டுகிறேன். செங்குன்றம் அரிசி மண்டியில் மூட்டை ஏற்றி பெரம்பூர், ஓட்டேரி, வியாசர்பாடி கடைகளில் இறக்குவது பிழைப்பு. வாடகையில் பாதிக்குக் கிட்ட டீசலுக்கே போய்விடும் என்பதால், பங்க் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார்.

புழலில் இருந்து அம்பத்தூர் போகிற ரோட்டில் சிறைத்துறை நடத்தும் பங்க் இருக்கிறது. எண்ணெய் இந்தியன் ஆயில். போர்டில் 'ஃப்ரீடம்' என்று பேர். 2023 ஆகஸ்டில் அன்றைய சட்ட அமைச்சர் ரகுபதி திறந்து வைத்தார். பெண் கைதிகளே நடத்துகிற பங்க், நாட்டிலேயே இதுதான் முதலாவது என்று அப்போது செய்தி வந்தது. ஆண் கைதிகள் வேலை செய்கிற சிறை பங்க் அதற்கு முன்னாலேயே வேலூர், கோவை, பாளையங்கோட்டைப் பக்கம் உண்டு. இங்கே பைப் பிடிப்பது, காசு வாங்குவது எல்லாம் புழல் பெண்கள் தனிச்சிறையில் தண்டனை அனுபவிக்கிறவர்கள்.

சரக்கு பற்றி முதலில். மற்ற இடங்களில் நடப்பது வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். பைப்பை டேங்கில் விட்ட அதே நொடியில் ஒருவர் ஜன்னல் பக்கம் வந்து, "கார்டா, கேஷா? காத்து செக் பண்ணணுமா?" என்பார். நாம் அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லி முடிப்பதற்குள் மீட்டர் எங்கேயிருந்து கிளம்பியது என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆயிரத்துக்குக் கேட்டால் இருநூறில் நிறுத்திவிட்டு, "மீதியும் போட்டுடறேன்" என்று மறுபடி ஆரம்பிப்பது இன்னொரு வித்தை. இதிலெல்லாம் நான் ஏமாந்த பங்க்குகளின் பேரை இங்கே எழுதப்போவதில்லை. இங்கே பைப்பைத் தூக்குவதற்கு முன்னால், "அண்ணா, ஜீரோ பாத்துக்கோங்க" என்று சொல்கிறார்கள். நான் பார்க்கும் வரை காத்திருக்கிறார்கள். கையில் கொடுக்கிற சில்லறை சரியாக இருக்கிறது. என் வண்டி எவ்வளவு குடிக்கும் என்பது எனக்கு மனப்பாடம். இங்கே போட்ட டீசல் பெரம்பூர் டிரிப்பில் என்னைக் கைவிட்டதில்லை.

யாருக்காவது அளவில் சந்தேகம் வந்தால், 5 லிட்டர் முத்திரைக் கேனில் ஊற்றிக் காட்டச் சொல்லலாம். எந்த பங்க்கானாலும் அந்தக் கேன் இருக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். பல பேருக்கு இது தெரியாது. தெரிந்த பாதிப் பேர் கூச்சத்தில் கேட்பதில்லை.

இந்த பங்க்கைப் பற்றிச் சொன்னதும் மண்டியில் வந்த முதல் கேள்வி டீசல் பற்றி இல்லை. "கொலைக் கேஸாமே, பயமா இல்லையா?" என்றார் ஒரு மேஸ்திரி. என்ன கேஸ் என்று அவர்களிடம் நான் கேட்டதில்லை. டீசல் போடுகிறவரிடம் ஜாதகம் கேட்பது எந்த ஊர் மரியாதை? இன்னொன்று, இவர்களைச் சிறைத்துறை சீட்டுக் குலுக்கி எடுக்கவில்லை. தண்டனை முடிவாகி, வருடக்கணக்கில் உள்ளே இருந்து, நடத்தை நன்றாக இருப்பவர்களைப் பார்த்துப் பொறுக்கித்தான் ரோட்டோரத்துக்கு அனுப்புகிறார்கள். பக்கத்தில் காவலுக்கு வார்டர்கள். மாதம் 6,000 ரூபாய் கூலி என்று திறக்கும்போது சொன்னார்கள். வெளி பங்க்கில் இந்தச் சம்பளத்துக்கு ஆள் வரமாட்டார்கள். ஆனாலும் உள்ளே இருந்துகொண்டு பிள்ளைக்கு ஃபீஸ் அனுப்ப முடிகிறவருக்கு அந்தக் காசின் கணக்கே வேறு.

ஆக, சேவைக்கு முழு மார்க். நான் எழுத உட்கார்ந்தது அதற்காக மட்டும் இல்லை.

புழல் சிறை என்று நாம் ஒற்றை வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அங்கே மூன்று சிறை இருக்கிறது. ஒன்று தண்டனைக் கைதிகளுக்கு. இரண்டாவது விசாரணைக் கைதிகளுக்கு. மூன்றாவது பெண்களுக்கு. பேப்பரில் போட்டோ வருவதெல்லாம் முதலாவதிலும் மூன்றாவதிலும் நடக்கிற நல்ல காரியங்களுக்கு. வியாசர்பாடி, கொடுங்கையூர், காசிமேட்டுப் பையன்கள் போய்ச் சேர்வது இரண்டாவதில். நாடு முழுக்க எடுத்தாலும் அதே கதைதான். 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்த சுமார் 5 லட்சத்து 73 ஆயிரம் பேரில் 4 லட்சத்து 34 ஆயிரம் பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நாலில் மூன்று பேர் குற்றவாளி என்று எந்த ஜட்ஜும் இன்னும் சொல்லவில்லை. கடுங்காவல் தண்டனை வாங்கியவருக்கு வேலை கொடுத்தே ஆகவேண்டும். விசாரணைக் கைதிக்கு அப்படி இல்லை. பத்தொன்பது வயதில், ஒரு தெருச் சண்டையில் நாலாவது ஆளாக நின்றவன் அங்கே நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சும்மா இருப்பதில்லை. "வக்கீலுக்கு யார் பாக்குறா? வெளிய வந்தா என்னை வந்து பாரு" என்கிறார். ஆள் எடுப்பு அங்கேதான் நடக்கிறது.

2024 ஜூலை 5 ராத்திரி பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சி மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கை வெட்டிக் கொன்றார்களே, சாப்பாடு டெலிவரி செய்கிறவர்கள் மாதிரி டிரஸ் போட்டு வந்து. அது நான் மூட்டை இறக்குகிற ஏரியா. மூன்றே நாளில் கமிஷனர் மாறினார். ரவுடிகளுக்குப் புரிகிற மொழியில் பேசுவோம் என்றார் புதுக் கமிஷனர் அருண். ஜூலை 14 விடிகாலையில், அந்த வழக்கில் பிடிபட்ட ஒருவரை ஆயுதம் எடுக்கக் கூட்டிப்போன இடத்தில், மாதவரம் பக்கம், போலீஸ் சுட்டுக் கொன்றது. செப்டம்பரில் வியாசர்பாடியில் ஒருவர், ஈ.சி.ஆர். பக்கம் இன்னொருவர். டீக்கடையில் அன்றைக்கு எல்லோரும் கமிஷனர் கட்சி. "இன்னும் நாலு பேரைப் போட்டாத்தான் அடங்குவானுங்க."

போலீஸே வேண்டாம் என்கிற ஆள் நான் இல்லை. கடைக்காரர்கள் கொடுத்த வசூல் பணத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு வண்டி ஓட்டுகிறவன். ரோந்து வண்டி விளக்கு தெரிந்தால் எனக்குத்தான் முதலில் மூச்சு வரும். மூட்டை இறக்கும்போது "ஏரியா காசு" கேட்டு வருகிறவனிடம் சீர்திருத்தம் பேச எனக்குத் தெம்பு கிடையாது. கத்தி எடுத்தவனைப் பிடிக்க வேண்டும், கேஸை நடத்தி உள்ளே வைக்க வேண்டும். என் சண்டை கேஸ் நடக்காமல் இருப்பதோடுதான். என்கவுன்டரில் கேஸ் முடிந்துபோகிறது. அனுப்பியவன் யார், காசு கொடுத்தவன் யார் என்று சொல்ல வேண்டிய வாய் போய்விடுகிறது. 2014லேயே சுப்ரீம் கோர்ட் ஒவ்வொரு என்கவுன்டருக்கும் எஃப்.ஐ.ஆர்., சுதந்திரமான விசாரணை, மாஜிஸ்திரேட் விசாரணை என்று வரிசையாக விதி போட்டது. பேப்பரில் சுட்ட செய்தி முதல் பக்கத்தில் வரும். அந்த விசாரணை என்ன ஆனது என்பது எந்தப் பக்கத்திலும் வருவதில்லை. அதற்கு ஒரு படி கீழே 'மாவுக்கட்டு'. போலீஸ் பிடியில் பாத்ரூமில் 'வழுக்கி விழுந்தவர்கள்' எல்லோருக்கும் கை, கால் மட்டும் கரெக்டாக உடைகிறது. அந்தப் போட்டோவைப் பார்த்து ஊரே சிரிக்கிறது.

குண்டாஸ் இன்னொரு பக்கம். எம்.ஜி.ஆர். காலத்தில், 1982ல் வந்த சட்டம். விசாரணையே இல்லாமல் ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். கள்ளச்சாராயத்தில் ஆரம்பித்து மணல், குடிசைப் பகுதி நில அபகரிப்பு, திருட்டு விசிடி வரைக்கும் அதில் சேர்த்துவிட்டார்கள். விசிடி செத்தே போய்விட்டது, சட்டத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பல உத்தரவுகளை ஹைகோர்ட் ரத்து செய்துவிடும். ஆனால் அதற்குள் ஆறேழு மாதம் ஓடியிருக்கும். அந்த மாதங்களில் பையன் இருப்பது மேலே சொன்ன அதே இடத்தில்.

இதெல்லாம் தெரிந்துதான் பேசுகிறேன். என் வண்டியில் லோடுமேனாக ஒரு பையன் இருந்தான். பேர் வேண்டாம். எழுபத்தைந்து கிலோ மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டே மாடி ஏறுவான். ஏரியா சண்டை ஒன்றில் அவன் பேரும் சேர்ந்தது. சில வாரம் உள்ளே இருந்துவிட்டு கண்டிஷன் பெயிலில் வந்தான். கண்டிஷன் என்ன? தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. மண்டியில் லோடு ஏறுவது காலை ஏழு மணிக்கு. பத்தரைக்கு நாங்கள் ஓட்டேரியில் பாதி மூட்டை இறக்கிக்கொண்டிருப்போம்.

"ண்ணா, இன்னிக்கும் கையெழுத்து இருக்குண்ணா" என்று தலையைச் சொறிவான். ஸ்டேஷனில் போய் நின்றதும் உடனே நோட்டு கொடுத்துவிடுவார்களா? ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்கிறார், உட்காரு. பன்னிரண்டு ஆகும். தினக்கூலிக்காரனுக்கு அந்த நாள் போச்சு. கொஞ்ச நாள் வண்டியை ஸ்டேஷன் வழியாகவே விட்டுப் பார்த்தேன். கடைக்காரர்கள் திட்டினார்கள். பிறகு அவனே வருவதை நிறுத்திவிட்டான். பத்தரைக்குக் கையெழுத்து, மிச்ச நாள் பூராவும் தெருமுனை. தெருமுனையில் வேலை கொடுக்க ஆள் இருக்கிறது, அவர்கள் நேரமும் பார்ப்பதில்லை. இவனுக்காவது உள்ளூர் ஸ்டேஷன். வேலூரில் தங்கிக் கையெழுத்துப் போடு, திருச்சியில் போடு என்று உத்தரவு வாங்கியவர்களும் உண்டு. வெளியூரில் லாட்ஜ் வாடகையை யார் கொடுப்பது என்று உத்தரவில் இருக்காது. அதைக் கொடுக்க ஒரு 'அண்ணன்' வருவார். பிறகு அந்தக் கடனை அடைக்க வேண்டும், இல்லையா?

தண்டனை உறுதியானவருக்கு ரோட்டோரத்தில் கூலியோடு வேலை. இன்னும் தண்டனையே வாங்காதவனுக்கு, கையில் இருந்த வேலையும் போகிற மாதிரி ஒரு கையெழுத்து. இந்த பங்க்கில் நின்று டேங்க் நிரம்புவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் உறுத்துகிறது.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. முதல் தடவை தப்பு செய்தவனை உள்ளே தள்ளாமல் நன்னடத்தை அலுவலர் கண்காணிப்பில் விட 1958லேயே சட்டம் வந்துவிட்டது. 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் சமூக சேவையே ஒரு தண்டனை. 5,000 ரூபாய்க்குக் கீழே திருடி, பொருளைத் திருப்பிக் கொடுத்த முதல்முறைக்காரனுக்கு அது கிடைக்கும். ஏற்கெனவே தண்டனை வாங்காத விசாரணைக் கைதி, அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை உள்ளேயே கழித்திருந்தால் வெளியே விடவேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் அவன் மேல் இரண்டு வழக்கு இருந்தால் அது கிடையாது. எங்கள் பக்கத்துப் பையன் மேல் ஒரே ஒரு கேஸ் போட்டு நிறுத்தினதை நான் பார்த்ததில்லை. 'பறவை' என்று 18 முதல் 24 வயதுக்காரர்களுக்குச் சட்ட உதவி, தொழிற்பயிற்சி தருகிற திட்டம் ஒன்றும் உண்டு, நல்ல காரியம். அதில் படித்து வெளியே வந்தாலும் பத்தரை மணிக் கையெழுத்து காத்துக்கொண்டிருக்கும்.

சிறைச் சந்தை பற்றியும் இரண்டு வரி. கைதிகள் செய்கிற ரொட்டி, துணி, சோப்பு எல்லாம் சிறைத்துறை விற்கிறது. ரொட்டி வாங்கினால் அன்றைக்கே தின்று தீர்த்துவிடுங்கள், அதுதான் ருசி. வேலூர் சிறையில் தைக்கிற ஷூ போலீஸுக்கும் போகிறது. பிடிக்கிறவர் காலில் பிடிபட்டவர் தைத்த ஷூ. கூலியில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டவர்கள் நிதிக்கு எடுத்துக்கொள்கிறார்கள். இது எனக்குப் பிடித்த ஏற்பாடு. வெட்டுப்பட்டவன் வீட்டுக்கு என்ன என்று கேட்கிறவர்களுக்கு என்கவுன்டரில் பதில் இல்லை, இதில் கொஞ்சமாவது இருக்கிறது.

மார்க்குக்கு வருகிறேன். டீசல், அளவு, பேச்சு, சில்லறை எல்லாம் சேர்த்து அஞ்சுக்கு நாலு. மிச்ச ஒன்றை வேண்டுமென்றேதான் பிடித்து வைத்திருக்கிறேன். பங்க்கில் வேலை செய்கிறவர்கள் மேல் அதில் ஒரு குறையும் இல்லை. சிறைத்துறை அடுத்த பங்க் திறக்கும்போது கண்டிஷன் பெயிலில் இருக்கிற பையன்களை அங்கே வெளிச் சம்பளத்துக்கு வேலைக்கு வைக்கட்டும். பங்க்கில் காலையில் அவன் போடுகிற வருகைப் பதிவேட்டுக் கையெழுத்தையே கோர்ட் கையெழுத்தாக எடுத்துக்கொள்ள ஜட்ஜய்யா ஒரு உத்தரவு போடட்டும். மேனேஜர் சாயங்காலம் ஸ்டேஷனுக்கு ஒரு போட்டோ அனுப்பினால் போதும், வாட்ஸ்அப் எல்லா ஸ்டேஷனிலும் இருக்கிறது. அப்படி ஒன்று வந்தால் மாதவரத்தைத் தாண்டி இருந்தாலும் சுற்றிக்கொண்டு போய் டேங்கை ஃபுல் பண்ணுவேன், அந்த ஸ்டாரையும் போட்டுவிடுவேன்.