46,500 ரூபாய் போச்சு, காதை மட்டும் யாரும் பார்க்கலை

நேத்து சாயங்காலம்தான் கோவை ஜி.எச்.ல இருந்து திரும்பினோம். கோபம் அடங்கறதுக்குள்ள எழுதிடறேன்.

பையனுக்கு 2 வயசு 8 மாசம். பேச்சு வரலை, கூப்பிட்டா திரும்பறதில்லை. "அவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசினான்"னு மாமியார் சொல்லிச் சொல்லியே ஆறு மாசம் ஓடிருச்சு. அப்புறம் போன்ல விளம்பரம் பார்த்து ஒரு தனியார் குழந்தை வளர்ச்சி மையத்துக்குப் போனோம். பேர் போட்டா வக்கீல் நோட்டீஸ் வரும்னு வீட்டுக்காரர் பயப்படறார், அதனால போடலை.

அந்த மேடம் செருப்பைக் கழட்டிட்டுத் தரையில உட்கார்ந்து சோப்பு முட்டை ஊதினாங்க. பையன் சிரிச்சான். புது ஆளைக் கண்டா என் முந்தானைக்குள்ள ஒளியறவன்! "மூணு மாசத்துல அம்மான்னு கூப்பிடுவான், எழுதி வெச்சுக்கோங்க"ன்னாங்க. அங்கயே நான் விழுந்துட்டேன். பதிவுக் கட்டணம் 1,500, தலையில வயர் ஒட்டி மூளை அலையைப் படமா எடுக்கற பிரெயின் மேப்பிங் 18,000, அசெஸ்மென்ட் 12,000, இருபது செஷனுக்கு அட்வான்ஸ் 15,000. வளையலை அடகு வெச்சு அன்னைக்கே மொத்தமா 46,500 கட்டினேன்.

செஷன் மூணுதான் நடந்துச்சு, மூணுக்கும் வேற வேற பொண்ணுங்க. ரிப்போர்ட் கேட்டா "மேடம் மீட்டிங்ல இருக்காங்க", "சிஸ்டம் ரிப்பேர்", "திங்கக்கிழமை கட்டாயம்மா". எத்தனை திங்கக்கிழமை! வாட்ஸ்அப்ல நீல டிக் மட்டும் விழும். அஞ்சு வாரம் கழிச்சு வந்த ரிப்போர்ட்ல மூணாம் பக்கம் முழுக்க என் பையனை "ஷி"ன்னு போட்டிருக்கு. வயசு நாலாம். யார் வீட்டுப் புள்ளையோட ரிப்போர்ட்டோ! கேட்டதுக்கு "டைப்பிங் மிஸ்டேக்"னாங்க. பணத்தைத் திருப்பிக் கேட்டா, ரசீதுக்குப் பின்னாடி பொடி எழுத்துல திருப்பித் தர மாட்டோம்னு இருக்காம், படிக்கலையான்னு கேட்கறாங்க.

ஜி.எச்.ல டி.இ.ஐ.சி.ன்னு ஒரு மையம் இருக்கு, குழந்தைங்க வளர்ச்சிக் குறையைச் சின்ன வயசுலயே கண்டுபிடிச்சுப் பார்க்கற அரசு மையம். அங்க டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "காது டெஸ்ட் எடுத்தீங்களா?" எனக்குப் பதில் வரலை. 46,500 வாங்கினவங்க அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லையே! பேச்சு வராததுக்கு ஆட்டிசம் காரணமான்னு அந்த பிரெயின் மேப்பிங் படத்தை வெச்செல்லாம் முடிவு பண்றதில்லையாம். புள்ளையை விளையாட விட்டுப் பார்த்து, பெத்தவங்ககிட்ட விசாரிச்சுத்தான் சொல்லணுமாம். ஆனா பேச்சு வரலைன்னா மொதல்ல காது. காது கேட்குதான்னு பார்க்கற பெரா டெஸ்ட்டுக்கு வர்ற வியாழக்கிழமை தேதி குடுத்திருக்காங்க. ஒரு ரூபா கேட்கலை.

விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், பையன் எழுந்துட்டான். அவசரத்துக்கு இதை மட்டும் சொல்லிடறேன். பேச்சுத் தெரபி குடுக்கறவங்ககிட்ட ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேளுங்க, மழுப்பினா எழுந்து வந்துடுங்க. மொத்தமா அட்வான்ஸ் கட்டாதீங்க. டி.இ.ஐ.சி.ல 18 வயசு வரைக்கும் இலவசம், 2013ல இருந்தே இந்தத் திட்டம் இருக்காம். எனக்கு யாருமே சொல்லலை.

இன்னைக்குக் காலைல மறுபடி அந்த மையத்துக்குப் போன் போட்டேன். என் பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள, "பாக்கி 17 செஷனுக்கு எப்பம்மா வர்றீங்க?"ங்கறாங்க.