பழைய எஸ்டீமா, ஜிப்சியா? குறைந்த செலவில் ராலி கார்

எஸ்டீம், ஜிப்சி கிங் இரண்டுமே மாருதி. 1298 சிசி எஞ்சினும் ஒரே குடும்பம். ஆகவே எஞ்சினை வைத்து முடிவெடுக்க வேண்டாம், அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

ஜிப்சிக்கு லேடர் சேஸி (ஏணி போன்ற இரும்புச் சட்டம்), முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங் (அடுக்கடுக்கான எஃகுப் பட்டைகள்). பட்டை உடைந்தாலும் ஊர்ப் பட்டறையிலேயே மாற்றிக் கிளம்பலாம். இமயமலை, ராஜஸ்தான் மணல் என நாள்கணக்கில் ஓடும் போட்டிகளில் அது கொடிகட்டிப் பறந்தது சும்மா இல்லை. ஆனால் முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. இறுகிய தரையில் ஃபோர் வீல் டிரைவ் போட்டால் குறுகிய வளைவில் திரும்ப அடம்பிடிக்கும். உயரமும் அதிகம், கவிழும் பயம் உண்டு.

எஸ்டீம் எடை குறைவு, நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் டேம்பர் என்ற அதிர்வு அடக்கியும் சேர்ந்த தூண்). ஆக்ஸிலேட்டரை விடாமல் இடதுகாலால் பிரேக்கைத் தொட்டால் பின்பக்கம் அழகாகச் சுழன்று வரும். வேகமான செம்மண் பாதைக்கு என் ஓட்டு இதற்கே. எஞ்சினின் ஆயில் தொட்டியை அடியில் காக்கும் தடித்த சம்ப் கார்டு இல்லாமல் இறக்காதீர்கள். ஒரே கல் போதும், ஆயில் முழுக்க தரையில். ஸ்ட்ரட் மேல்முனைகளில் கூடுதல் வெல்டிங்கும் வேண்டும். 2007-ல் நின்றுபோன வண்டி, துருவைத் தட்டிப் பார்த்து வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் முதல் காசு ரோல் கேஜ் (கவிழ்ந்தால் காக்கும் உள் இரும்புக் கூண்டு), சீட், பெல்ட்டுக்கு. அடுத்தது டேம்பர், டயர். எஞ்சின் சக்தியைக் கூட்டும் கேம்ஷாஃப்ட் ஆசையெல்லாம் அடுத்த சீசனுக்கு.