திவோலித் தோட்டம்: இரண்டு அச்சோவியங்கள்

ரோமுக்கு அருகே திவோலியில், கர்தினால் இப்போலித்தோ தெஸ்தேவுக்காகப் பிர்ரோ லிகோரியோ வடிவமைத்த மறுமலர்ச்சிக்காலத் தோட்டத்தை அறிய விரும்புவோர் முதலில் நாடுவது, எத்தியென் துப்பெராக் 1573-இல் உருவாக்கிய அச்சோவியத்தையே. மேலே மாளிகை, நடுவே நேராக இறங்கும் பாதை, இருபுறமும் சதுரச் சதுரமான பாத்திகள் எனத் தோட்டம் முழுவதையும் அது பறவைப் பார்வையில் ஒரே தாளில் விரிக்கிறது. ஆயினும், திட்டமிட்டும் கட்டி முடிக்கப்படாத பகுதிகள் அதில் நிறைவுற்றவை போல நிற்பதால், அதைக் கண்கூடான சாட்சியமாகக் கொள்ள முடியாது.

ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கடந்து, பரோக் காலத்தில் ஜொவான்னி பிரான்செஸ்கோ வெந்தூரினி அதே தோட்டத்துக்குள் இறங்கி நின்று, அதன் நீரூற்றுகளைத் தனித்தனியே வரைந்தார். தோட்டத்தின் ஒழுங்கைப் புரிந்துகொள்ளத் துப்பெராக்கே தேவை. ஆனால் தண்ணீருக்காகவே உருவான ஓர் இடத்தைக் காட்டுவதில் வெந்தூரினியே மேலானவர் என்பது என் உறுதியான கருத்து. மெழுகுப்பூச்சைக் கீறி, செப்புத் தகட்டை அமிலம் அரிக்க விடும் அவரது முறையில் ஊசி தூரிகைபோலத் தடையின்றி ஓடும். பரோக் சிற்பி பெர்னீனி பிற்காலத்தில் தோட்டத்தில் சேர்த்த அருவியை வெந்தூரினி வரைந்த தாளில், பாறையின் நிழலுக்குக் கோடுகள் நெருங்கிச் செறிய, விழும் நீருக்குத் தாளின் வெண்மையே போதுமானதாகிறது.