பிக்ஃபூட் தேடிப் போகும் காட்டுக்குத் துப்பாக்கியா, கரடி ஸ்பிரேயா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பிள்ளைகள் அமெரிக்காவில் வேலை பார்க்கும் வீடுகள் பல உண்டு. ஓரிகான், வாஷிங்டன் மாநிலங்களில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களில் சிலருக்கு, அங்குள்ள காடுகளில் உலவுவதாகச் சொல்லப்படும், மனிதனைப் போல இரண்டு காலில் நடக்கும் உடல் முழுக்க மயிருள்ள பேருருவமான பிக்ஃபூட் மீது ஆர்வம் வந்துவிடுகிறது. ஊர் திரும்பியதும் வளவில் உட்கார்ந்து மணிக்கணக்கில் அதைப் பற்றியே பேசுகிறோம். நானும் அந்த ஆர்வம் உள்ளவன்தான். அண்மையில் மகன் வீட்டுக்குப் புறப்படவிருந்த பள்ளத்தூர் நண்பர் ஒருவர், "அண்ணே, காட்டுக்குள்ள போறதுன்னா ஒரு ரிவால்வர் வாங்கிக்கிட்டாத் தேவலையில்ல?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே, போர்ட்லாந்திலிருந்து எங்கள் மகன் அழைத்துச் சென்ற, வாஷிங்டன் மாநிலத்திலுள்ள கிஃபோர்டு பின்சோ தேசிய வனத்தில் நாங்கள் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு நடந்த கரடி ஸ்பிரேயின் மதிப்புரையாக இங்கே எழுதுகிறேன். அந்தக் காடுகளுக்குப் போகும் நம்மவர்களுக்குத் துப்பாக்கி தேவையில்லை, இந்த டப்பா போதும் என்பது என் முடிவு.

கரடி ஸ்பிரே என்பது, மிளகாய்க்குக் காரத்தைத் தரும் கேப்சைசின் வகைப் பொருள்களைப் பிரித்தெடுத்து, அழுத்தத்தில் அடைத்த டப்பா. இராமநாதபுரம் குண்டு மிளகாயில் நம்மைத் தும்ம வைப்பதும் இதே பொருள்தான். மொன்டானா பல்கலைக்கழகத்தில் 1980களில் நடந்த கரடி ஆய்வுகளிலிருந்து இது உருவானது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில் பதிவு செய்யப்பட்ட டப்பாக்களில் இந்தக் காரப்பொருளின் அளவு 1 முதல் 2 விழுக்காடு வரை இருக்கும். குறைந்தது 225 கிராம் எடை, ஏழரை மீட்டருக்குக் குறையாத வீச்சு, ஆறு வினாடியாவது தொடர்ந்து பீய்ச்சும் திறன் ஆகிய மூன்றும் உள்ள டப்பாவையே அந்நாட்டுக் கரடி நிபுணர் குழு பரிந்துரைக்கிறது. நம் ஊரில் பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளும் சிறிய பெப்பர் ஸ்பிரே இதற்கு ஈடாகாது. அது அருகில் நிற்கும் ஓர் ஆளின் முகத்துக்கு மெல்லிய தாரையாகப் பாயும். இதுவோ ஓடி வரும் விலங்கின் முன்னால் ஒரு மேகத்தையே எழுப்புகிறது.

அந்த மேகத்தை நேரில் பார்த்த பிறகுதான் எனக்கு இதன்மீது நம்பிக்கை வந்தது. காரப்பொருள் இல்லாத பயிற்சி டப்பாவும் கடைகளில் கிடைக்கிறது. மகன் அதில் ஒன்றை வாங்கி வைத்திருந்தான். காட்டின் ஓரத்தில் வெட்டவெளியான ஓர் இடத்தில் எல்லோரும் அதை அடித்துப் பழகினோம். இடுப்பு உறையிலிருந்து டப்பாவை உருவி, விசையைத் தடுத்து நிற்கும் பிளாஸ்டிக் ஆப்பைக் கட்டைவிரலால் பின்னுக்குத் தள்ளி, முனையைச் சற்றே தரையை நோக்கித் தாழ்த்திப் பிடித்து விசையை அழுத்த வேண்டும். அழுத்தியதும் சீறும் ஓசையுடன் வெண்புகை விரிந்து எதிரே இருந்த புதரையே மறைத்துவிட்டது. முனையைத் தாழ்த்திப் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. கரடி தலையைத் தாழ்த்திக்கொண்டுதான் பாயும். உயரமாக அடித்தால் மேகம் அதன் முதுகுக்கு மேலே போய்விடும். மூட்டுவலி உள்ள என் மனைவிக்கு முதலில் அந்த ஆப்பு அசையவே இல்லை. கட்டைவிரலின் நுனிக்குப் பதிலாக நடுப்பகுதியால் தள்ளச் சொன்னதும் எளிதாக நகர்ந்தது. வயதானவர்கள் வாங்கும்போது கடையிலேயே அந்த ஆப்பைத் தள்ளிப் பார்த்து வாங்குவது நல்லது.

துப்பாக்கி மீது வெறுப்பு உள்ளவனாக நான் இதைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஐயா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று உரிமத்தோடு இருக்கிறது. தேர்தல் வரும்போதெல்லாம் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குவதும், திரும்பி வந்ததும் குழலுக்கு எண்ணெய் விட்டுத் துடைப்பதும் என் பொறுப்பு. ஆகவே அதன் எடையும் அது தோளில் கொடுக்கும் உதையும் எனக்குத் தெரியும். பதற்றத்தில் இருக்கும் மனிதன் அதைக் குறி தவறாமல் சுடுவது எவ்வளவு கடினம் என்பதும் தெரியும்.

பிக்ஃபூட் தேடுவோரிடையே ஆயுதப் பேச்சு மிக விரிவாக நடக்கிறது. 44 மேக்னம் ரிவால்வர் போதும் என்று ஒருவர் சொன்னால், பத்து மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியில் தோட்டாக்கள் அதிகம் என்பார் இன்னொருவர். 12 போர் துப்பாக்கியில் ஒற்றைக் குண்டுத் தோட்டா போட்டு எடுத்துப் போக வேண்டும் என்பது மூன்றாமவர் கட்சி. 45-70 வகை நெம்புகோல் ரைஃபிளைத் தவிர வேறெதையும் ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். இவை எல்லாமே கரடியைக் கொல்லும் ஆற்றல் உள்ளவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கரடி மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடும். பத்து மீட்டர் தொலைவிலுள்ள புதரிலிருந்து அது புறப்பட்டால் நம் கைக்குக் கிடைப்பது ஒரு வினாடிகூட இல்லை. அதற்குள் உறையிலிருந்து உருவி, ஓடி வரும் தலையைக் குறிபார்த்து, சரியான இடத்தில் சுட வேண்டும். மேகத்தை எழுப்புவதற்கு அந்த அளவுக்குக் குறி தேவையில்லை.

இதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. டாம் ஸ்மித், ஸ்டீஃபன் ஹெரேரோ முதலிய ஆய்வாளர்கள் அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை கரடி ஸ்பிரே பயன்பட்ட 83 நிகழ்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியிட்டார்கள். பழுப்புக் கரடிகளிடம் 92 விழுக்காடு, கருங்கரடிகளிடம் 90 விழுக்காடு ஸ்பிரே பலன் தந்திருந்தது. நேருக்கு நேர் கரடியை எதிர்கொண்டு ஸ்பிரே அடித்தவர்களில் 98 விழுக்காட்டினருக்குக் காயம் ஏதும் இல்லை. அதே குழுவினர், துப்பாக்கி இருந்த 269 நிகழ்வுகளைப் பற்றி 2012இல் வெளியிட்ட ஆய்வில், கைத்துப்பாக்கி 84 விழுக்காடும் நீளத் துப்பாக்கி 76 விழுக்காடும் பலன் தந்ததாகக் கண்டார்கள். அத்துடன், துப்பாக்கி கையில் இருந்தும் சுடாதவர்களுக்கும் சுட்டவர்களுக்கும் நேர்ந்த காயங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றும் எழுதினார்கள். இரண்டு ஆய்வுகளும் வெவ்வேறு வகை நிகழ்வுகளைத் தொகுத்தவை என்பதால் இந்த எண்களை நேருக்கு நேர் ஒப்பிடுவது முழுவதும் சரியன்று. ஆயினும் துப்பாக்கி வைத்திருப்பவரே பாதுகாப்பானவர் என்ற நம்பிக்கைக்கு இவற்றில் ஆதரவு இல்லை.

பிக்ஃபூட் தேடுவோருக்கென்று தனியாக ஒரு காரணமும் உண்டு. என்னளவில் இதுவே மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. வேட்டைக்காரர் தாம் சுடப்போவது என்ன விலங்கு என்று அறிந்து காட்டுக்குள் போகிறார். நாமோ இதுவரை எவரும் உறுதிப்படுத்தாத ஓர் உருவத்தை, அதுவும் பெரும்பாலும் அந்தியிலோ இரவிலோ, மரங்களுக்கிடையே எதிர்பார்த்து நடக்கிறோம். இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கும் கரிய உருவம் ஒன்று கண்ணில் பட்டால், அது பின்னங்காலில் எழுந்து நிற்கும் கருங்கரடியாக இருக்கலாம். இருண்ட நிறச் சட்டை அணிந்த இன்னொரு தேடலாளராகவும் இருக்கலாம். கருங்கரடிகள் மிகுந்த மாநிலங்களில் பிக்ஃபூட்டைக் கண்டதாகச் சொல்வோரும் மிகுந்திருக்கிறார்கள் என்பதை 2024இல் விலங்கியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியான கட்டுரை காட்டியது. 2018 டிசம்பரில் மொன்டானா மாநிலம் ஹெலினா அருகே, குறிப்பலகை வைத்துத் தோட்டாப் பயிற்சி செய்துகொண்டிருந்த ஓர் இளைஞர், தம்மை பிக்ஃபூட் என்று எண்ணி ஒருவர் சுட்டதாகக் காவல்துறையிடம் முறையிட்டார். குண்டுகள் அவர்மேல் படாதது நற்பேறு. ஆளைத் தவறாக எண்ணி ஸ்பிரே அடித்தால் அவர் சில மணி நேரம் கண்ணெரிச்சலால் துடிப்பார், நாம் மன்னிப்புக் கேட்கலாம். துப்பாக்கியால் நேர்ந்த பிழைக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அங்கே இருப்பது உண்மையிலேயே அந்த உயிரினம்தான் என்றால் என்ன செய்வது? இந்த வாதமும் ஆர்வலர்களிடையே பல பத்தாண்டுகளாக நடக்கிறது. வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் கற்பித்த குரோவர் கிரான்ட்ஸ், ஓர் உடல் கிடைத்தால்தான் அறிவியல் உலகம் ஏற்கும், ஆகவே ஒன்றைச் சுட வேண்டும் என்று வாதிட்டவர். அவர்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் இந்த ஒரு கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 1967 அக்டோபர் 20ஆம் நாள் கலிபோர்னியாவின் பிளஃப் கிரீக்கில் ரோஜர் பாட்டர்சன் கேமராவோடு ஓடி, பிக்ஃபூட் என்று சொல்லப்படும் உருவத்தைப் படம் பிடித்தபோது, உடன் வந்த பாப் கிம்லின் கையில் ரைஃபிள் இருந்தது. தாக்க வந்தாலன்றிச் சுடக் கூடாது என்று இருவரும் முன்பே பேசிவைத்திருந்தார்கள். அவர் சுடவில்லை. அந்தப் படம் உண்மையா பொய்யா என்று இன்றும் வாதம் நடக்கிறது. ஆனால் அன்று கிம்லின் காட்டிய நிதானத்தை யாரும் குறை சொல்ல முடியாது. நாங்கள் நடந்த காட்டின் ஒரு பகுதி ஸ்கமேனியா மாவட்டத்தில் இருக்கிறது. அந்த மாவட்ட நிர்வாகம் 1969இலேயே சாஸ்குவாட்ச் என்றும் அழைக்கப்படும் பிக்ஃபூட்டைக் கொல்வது குற்றம் என்று ஆணை பிறப்பித்து, 10,000 டாலர் வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் விதித்தது. 1984இல் அதைத் திருத்தித் தண்டனையைக் குறைத்தாலும், மாவட்டம் முழுவதையும் அந்த உயிரினத்தின் புகலிடமாக அறிவித்தார்கள். வேட்டங்குடிப்பட்டிச் சரணாலயத்துக்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பதை அறிந்த நமக்கு, அந்த ஆணையின் உள்ளம் புரியும்.

சட்டத்தைப் பற்றி ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும். சுற்றுலா விசாவில் போகும் நாம், அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கியை வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. வேட்டை உரிமம் பெற்றவர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. வேலைக்கான எச்1பி விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இதே விதிதான். பள்ளத்தூர் நண்பரின் மகன் அந்த விசாவில் இருப்பவர் என்பதால், ரிவால்வர் பேச்சு இந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

இனி ஸ்பிரேயின் குறைகள். காற்று முதல் குறை. எதிர்க்காற்றில் அடித்தால் காரம் நம் முகத்துக்கும் திரும்பும். அலாஸ்கா ஆய்வில் 14 விழுக்காடு நிகழ்வுகளில் அடித்தவருக்கே ஏதேனும் ஒரு தொல்லை நேர்ந்திருக்கிறது, அவர்களில் இருவர் ஏறக்குறையச் செயலிழந்துபோனார்கள். காற்று குறுக்கிட்ட நிகழ்வுகளிலும் காரம் கரடியை எட்டியது என்பது ஆறுதல். ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு எடுத்துச் செல்லட்டும். அடுத்த குறை, நாங்கள் வாங்கிய டப்பாவோடு வந்த உறை. நெருக்கமான புதர்களுக்குள் நடக்கும்போது கிளை உரசி, பாதுகாப்பு ஆப்பு பாதி கழன்றுவிட்டது. நல்லவேளையாக மருமகள் கவனித்துத் திரும்பச் செருகினாள். இந்த விலைக்கு மூடியுள்ள நல்ல உறையாகக் கொடுத்திருக்கலாம். தோள் பட்டையில், நெஞ்சுக்கு நேராக மாட்டும் உறை தனியாகக் கிடைக்கிறது. அதையே வாங்கச் சொல்வேன், ஏனென்றால் முதுகுப் பைக்குள் போட்ட டப்பாவால் ஒரு பயனும் இல்லை. ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால் டப்பா வெடிக்கலாம் என்பதால், வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகக் கூடாது. மூன்று நான்கு ஆண்டுகளில் காலாவதியும் ஆகிவிடும்.

நம்மவர்கள் செய்யக்கூடிய தவறு ஒன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கொசு மருந்து போல இதைக் கூடாரத்தைச் சுற்றியோ உடையிலோ அடித்து வைக்கக் கூடாது. காய்ந்துபோன மிளகாய்ப் படிவின் மணம் கரடியை விரட்டுவதற்குப் பதிலாக ஈர்க்கும் என்பது கண்டறியப்பட்டிருக்கிறது.

துப்பாக்கியும் ஸ்பிரேயும் காப்பாற்ற முடியாத ஆபத்து ஒன்று அந்தக் காட்டில் இருக்கிறது. 2024 கிறிஸ்துமஸ் காலத்தில், சாஸ்குவாட்ச்சைத் தேடி இதே கிஃபோர்டு பின்சோ வனத்துக்குள் போன போர்ட்லாந்துக்காரர் இருவர், டிசம்பர் 28ஆம் நாள் சடலங்களாக மீட்கப்பட்டார்கள். கடுங்குளிரும் போதிய ஆயத்தம் இல்லாததுமே காரணம் என்று ஸ்கமேனியா மாவட்ட ஷெரிஃப் அலுவலகம் அறிவித்தது. நம் வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அந்த ஈரக்குளிர் எதிரி. எந்த ரகத் தோட்டா என்று விவாதிக்கும் நேரத்தில் பாதியை மழைச்சட்டை, மாற்றுக் கம்பளியாடை, தலைவிளக்கு, தீப்பெட்டி ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

வாங்குவது எளிது. விலை 40 டாலர் அளவில் இருக்கும். கைப்பை, பெட்டி எதிலும் வைத்து விமானத்தில் கொண்டுபோகவோ கொண்டுவரவோ அனுமதி இல்லை என்பதால், அங்கே இறங்கிய பிறகு மலையேற்றப் பொருள்கள் விற்கும் கடையில் வாங்க வேண்டும். பெயர்ப் பட்டையில் கரடிக்கானது என்ற குறிப்பு, சுற்றுச்சூழல் முகமையின் பதிவு எண், காலாவதி நாள் ஆகிய மூன்றையும் பாருங்கள். ஆளுக்கு ஒன்றாக வாங்குங்கள், ஒரே டப்பாவை நால்வர் பங்கிட்டுக்கொள்ள முடியாது. கூடவே பயிற்சி டப்பா ஒன்றும் வாங்கி, காட்டுக்குப் போகும் முன் எல்லோரும் அடித்துப் பழகுங்கள். ஊர் திரும்பும்போது மீதமுள்ளவற்றைப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டு வந்தால், அடுத்து அங்கே போகும் உறவினருக்கு உதவும்.