திவேஆகர், ஹரிஹரேஷ்வர் போக 'எல்லாம் அடக்கம்' பேக்கேஜ் எடுக்கும் மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் கவனிக்கவும்

விடுமுறைக்குக் கொங்கண் கடற்கரைப் பக்கம் போக நினைக்கும் செம்பூர், மாட்டுங்கா குடும்பங்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் அனுப்புங்கள். கார், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்று தமிழில் பேசிப் பணம் வாங்கும் ஏஜென்ட் ஒருவர் எங்களை ஏமாற்றிவிட்டார். பணம் போனது ஒரு பக்கம். வயதான என் மாமியாரையும் குழந்தைகளையும் கடல் ஏறும் நேரத்தில் பாறை வழியே அனுப்பப் பார்த்தார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மாமியார் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். கூட்டமில்லாத கடற்கரையும் ஒரு சிவன் கோவிலும் அவருக்குக் காட்டலாம் என்று ராய்கட் மாவட்டத்தில் இருக்கும் திவேஆகர், ஸ்ரீவர்தன், ஹரிஹரேஷ்வர் போக முடிவு செய்தோம். "அக்கா, நம்ம ஊர்க்காரங்களுக்கு நான் வேற ரேட் சொல்லவே மாட்டேன்" என்றார் ஏஜென்ட். மொத்தம் 24,000 ரூபாய். டோல், டிரைவர் பேட்டா, பார்க்கிங் எல்லாம் அதற்குள். அலிபாக், காஷித், முருட் என்று கடலை ஒட்டியே போய், ஆகர்தாண்டாவில் காரோடு படகில் ஏறி எதிர்க்கரையில் திகியில் இறங்குவதாகப் பேச்சு. கடலைப் பார்த்த அறை என்றும் சொன்னார். இத்தனையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக இருக்கிறது. 15,000 ரூபாய் முன்பணம் அனுப்பினோம்.

கிளம்பும் அன்று விடிகாலையில் வாசலுக்கு வந்தது வெள்ளை நம்பர் பிளேட் கார். கேட்டதற்கு, மஞ்சள் பிளேட் வண்டி பிரேக் வேலைக்கு நிற்கிறது என்று பதில். டிரைவரோடு வாடகைக்கு ஓடும் காருக்கு மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். வெள்ளை பிளேட் சொந்த உபயோக வண்டிக்கு. அதை வாடகைக்கு ஓட்டி விபத்து ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க இடமுண்டு. இதைச் சொல்லி நான் சண்டை போட்டேன். ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. மூட்டை முடிச்சோடு எல்லோரும் கீழே நிற்க, வேறு வழியில்லாமல் ஏறினோம்.

டிரைவர் பன்வேல், மாண்காவ் வழியாக உள்பாதையில் விட்டார். காஷித்தின் சவுக்குத் தோப்பும் இல்லை, கடலுக்குள் நிற்கும் ஜஞ்சிரா கோட்டையும் இல்லை, படகும் இல்லை. திவேஆகரில் இறங்கினால் கடலைப் பார்த்த அறையில் வேறு குடும்பம். எங்களுக்குக் கிடைத்தது ஊருக்குள் பாக்குத் தோப்புக்குப் பின்னால் ஒரு வீடு. வீட்டுக்கார அம்மா மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கும் ஏஜென்ட் பணம் தரவில்லையாம். ஆனாலும் குழந்தைகளுக்குச் சுடச்சுட மோதகம் செய்து கொடுத்தார்.

அன்று இரவு டிரைவர் தனிக் கணக்கு நீட்டினார். ஒரு நாளைக்குக் குறைந்தது 300 கிலோமீட்டர் கணக்கு, நைட் சார்ஜ், டோல் என்று மீதி 9,000 போக இன்னும் 6,500 ரூபாய். தராவிட்டால் இப்போதே மும்பைக்குத் திரும்பிவிடுவேன் என்றார். இவர்கள் பிழைப்பே இந்த இடத்தில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் அங்கே ஆப்பில் டாக்சி கிடைக்காது, பஸ்ஸும் இல்லை. கூட வயதானவரும் பிள்ளைகளும் இருந்தால் யாராக இருந்தாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கொடுத்தோம்.

அப்புறம் ஹரிஹரேஷ்வர். கோவிலுக்குப் பின்னால் படியேறி, குறுகலான பாறைப் பிளவு வழியாகக் கடலோரம் இறங்கி, குன்றைச் சுற்றி வரும் பிரதட்சிணப் பாதை உண்டு. கடல் வற்றியிருக்கும்போது மட்டும்தான் அதில் போகலாம். ஏற்றத்தின்போது அலை பாறை மேலேயே வந்து அடிக்கும். அங்கே ஆட்களைக் கடல் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. நாங்கள் போனது பௌர்ணமிக்கு மறுநாள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்தக் கரையில் நண்பகல் வாக்கில்தான் ஏற்றம் உச்சத்துக்கு வரும். காலையில் போகலாம் என்று நாங்கள் சொல்லியும், டிரைவர் தாமதமாக வந்து சரியாக அந்த நேரத்தில் கொண்டுபோய் இறக்கினார். சாயங்காலம் அவருக்கு மும்பையில் வேறு சவாரி. "ஒன்றும் ஆகாது, பத்து நிமிஷம், சீக்கிரம் சுற்றிவிட்டு வாங்க" என்று இந்தியில் விரட்டினார். தேங்காய் விற்கும் பெண்மணி ஒருவர் எழுந்து வந்து மாமியாரின் கையைப் பிடித்து நிறுத்தினார். மேலிருந்து எட்டிப் பார்த்தபோது நடக்க வேண்டிய பாறை முழுக்க நுரை. அந்தப் பெண்மணிக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

நீங்கள் போவதாக இருந்தால், பணம் அனுப்பும் முன் வீட்டுக்காரரின் எண்ணை வாங்கி அவரிடமே அறையை உறுதி செய்யுங்கள். கார் நம்பரை முதல் நாளே கேட்டு, வண்டி விவரம் காட்டும் அரசு ஆப்பான எம்பரிவாகனில் போட்டுப் பாருங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் மீட்டரைப் படம் எடுங்கள். ஏற்ற நேரத்தை டிரைவரிடம் கேட்காதீர்கள், உள்ளூர்க்காரர்களிடம் கேளுங்கள். பணம் வாங்கிக்கொண்டு ஆள் மறைந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம்; கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒரே ஆளிடம் ஏமாந்தவர்கள் அனுமதி பெற்றுச் சேர்ந்தும் போடலாம். தமிழில் பேசி இதே வழி, இதே 'அடக்கம்' சொல்லி உங்களிடமும் யாராவது பணம் வாங்கியிருந்தால், வாட்ஸ்அப் பேச்சையும் பணம் அனுப்பிய ரசீதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள். அடுத்த மாதம் மனு கொடுக்கப் போகிறோம்.